மஞ்சள் படிவம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஒருமாதிரி நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்காதே. போனில் நான் எதைக் கேட்டாலும் நீ 'ம்' போடுகிறாய். வெறும் 'ம்' எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

உன் அத்தானுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் எரிச்சல். பஸ் ஓட்டுகிற மனிதர் வேளைக்குச் சாப்பிட்டால்தானே? இங்கே புதிதாகத் திறந்திருக்கும் உங்கள் ஆஸ்பத்திரியின் கிளைக்கே அழைத்துப் போனேன். தம்பி வேலை பார்க்கிற கம்பெனி, நம்மை மொட்டை அடிக்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

அது ஆஸ்பத்திரியா, நகைக்கடையா? தரையில் என் முகம் தெரிகிறது. கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. நெஞ்செரிச்சலோடு வருகிறவனுக்கு அருவி எதற்கு என்று யாரிடம் கேட்பது? பதிவுக்குப் பணம், பதிவை எழுதிக் கொடுக்கிற அட்டைக்குப் பணம், டாக்டரைப் பார்க்கப் பணம். டாக்டர் பார்த்தது நான்கு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் போனில் யாரிடமோ வீட்டு மனை விலை பேசினார். ஏழு குப்பி ரத்தம் எடுத்தார்கள். கடைசியில், "எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பாத்துடலாம்" என்றார். கை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுப்பார்களாம்.

நான் இருபத்திரண்டு வருடமாக பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். எங்கள் கண்ணாடியில் கட்டணம் எழுதி ஒட்டியிருக்கும். மந்திரி வந்தாலும் மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் அதே காசு. உங்கள் சுவர்களில் அருவி இருக்கிறது, விலைப்பட்டியல் இல்லை. நீ கட்டணப் பிரிவு மேலாளர். வைத்தியத்துக்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் கேள்வியைப் படித்துச் சிரித்தேன். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், பதிலை யாரும் கேட்பதில்லை. படம் எடுக்கிற இயந்திரம் கடனில் வந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேரை அதற்குள் அனுப்பினால்தான் தவணை கட்ட முடியும், நோய் பன்னிரண்டு பேருக்குத்தான் இருக்கும். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் எந்த பில்லைக் கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவான். அதனால் வெட்டுவதற்கென்றே முன்கூட்டி ஏற்றி வைக்கிறோம். காப்பீடு இல்லாமல் வருகிற அப்பாவி அந்த ஏற்றிய விலையை அப்படியே கட்டிவிட்டுப் போகிறான். ஆள் அனுப்பி வைக்கிற தெருமுனை டாக்டருக்கு மாதக் கடைசியில் ஓர் உறை போக வேண்டும். அருவிக்கும் கரண்ட் பில் உண்டு.

நீ நினைக்கிற மாதிரி நாங்கள் யாரையும் கழுத்தைப் பிடித்து இழுப்பதில்லை. செருப்புக் கடையில் ஆறு ஜோடி போட்டுப் பார்த்து, ஏழாவதுக்குப் பேரம் பேசுகிற ஜனங்கள், இங்கே வந்தால் "நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டர்" என்று கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவனுக்கு எந்தக் கடைக்காரன் விலை குறைப்பான்?

ஒரு நல்ல சேதி. சென்ற வருடம் கம்பெனியில் சிறந்த யோசனைக்கான பரிசு எனக்குத்தான். நோயாளி வந்ததும் எடுத்த எடுப்பில் பணம் கேட்காமல், வரவேற்பில் இருக்கிற பெண் வீட்டு ஆள் போல அன்பாக நாலு வார்த்தை விசாரிக்க வேண்டும். அதற்கு ஒரு முறையை நான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கிளைக்கும் இந்த மாதம் வருகிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. அங்கே எல்லோரும் நலம்தானே?

ஆஞ்சியோ முடிந்தது. அன்று வரவேற்பில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டே பேசினாள். சொந்த வீடா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், கூடப்பிறந்தவர்கள் யார் யார், எல்லோரும் நல்ல வேலையில் இருக்கிறார்களா என்று அக்கறையாகக் கேட்டாள். உன் யோசனைதான் என்று புரிந்துவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொந்த வீடு, பக்கத்தில் ஒரு மனை, பிள்ளை குட்டி இல்லை, இரண்டு பேர் சம்பளம் என்று எல்லாம் சொன்னேன். "எங்க தம்பிதான் உங்க தலைமை ஆபீஸ்ல பெரிய அதிகாரி, எங்களுக்கு ஒண்ணுன்னா பறந்து வந்துடுவான்" என்றும் சொன்னேன். உன் அத்தான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

இப்போது டாக்டர் இரண்டு இடத்தில் அடைப்பு, ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்க இரண்டு ஸ்டென்ட், அதாவது கம்பிச் சுருள், வைத்தே தீர வேண்டும் என்கிறார். "நெஞ்சுல வெடிகுண்டை வச்சுக்கிட்டு அறுபது பேரை ஏத்திட்டுப் போறாரு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எங்கள் இருவரின் பதினெட்டு மாதச் சம்பளம் ஆகும். மனையை விற்றால் சரியாகப் போய்விடும், அது பெரிதில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவனை மறுபடி பஸ்ஸில் உட்கார விடமாட்டார்கள், போக்குவரத்துக் கம்பெனியின் விதி. உன் அத்தானுக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

ரிப்போர்ட்டும் படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் தலைமை ஆஸ்பத்திரியின் பெரிய இதய டாக்டரிடம் காட்டி, இது தேவையா என்று ஒரே வார்த்தை கேட்டு எழுது. பதினைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பன்னிரண்டாம் தேதி மண்டலப் பொறுப்பாளர் பதவிக்கு நேர்காணல் இருந்தது, தலை நிமிர நேரமில்லை. குழந்தைக்கு வேறு சளி.

உயிர் விஷயத்தில் பணத்தைப் பார்க்காதே. அங்கே இருக்கிற டாக்டர் சொல்வதைக் கேள். நேரில் பார்த்தவர் அவர்தானே. மனையை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.

என்னால் முடிந்தது கொஞ்சம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அத்தானை தைரியமாக இருக்கச் சொல்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்குச் சளி தேவலையா?

உன் கடிதத்தைப் பதினைந்து வரை எதிர்பார்த்தேன். ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் உன் மனைவிதான் எடுத்து, "கூட்டத்துல இருக்காரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகூடக் கூட்டம் நடத்துகிற கம்பெனி உருப்படட்டும். பதினாறாம் தேதி காலையில் உன் அத்தானைச் சேர்த்துவிட்டோம். உன் கடிதம் வந்தபோது அவர் இரண்டு ஸ்டென்ட்டோடு வீட்டில் படுத்திருந்தார்.

பில் ஒன்பது பக்கம். மூன்று நாளில் நூற்று நாற்பது ஜோடிக் கையுறை. அவரைத் தொட்டது இரண்டு நர்ஸும் ஒரு டாக்டரும். மற்ற கைகள் எல்லாம் யாருடையவை, எங்கள் சட்டைப் பையில் இருந்தவையா? ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்கு 'திரவம் அருந்தும் சாதனம்' என்று பெயர் வைத்து நான் ஒரு மாதம் டீ குடிக்கிற காசு போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். டை கட்டிய ஒருவன், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது மேடம்" என்றான். மனிதர்கள் சேர்ந்து திருடிவிட்டு இயந்திரத்தைக் கைகாட்டுகிறீர்கள்.

மனை போய்விட்டது. உன் அத்தானை டிப்போவில் உட்காரவைத்து டயர் நம்பர் எழுதச் சொல்கிறார்கள். காலையில் பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார். அப்புறம் ஒன்பது வரை கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது, அதனால் திட்டுகிறேன்.

இன்னொன்று. நெஞ்செரிச்சல் அப்படியே இருக்கிறது.

நீ அனுப்பிய பணம் வந்தது. ரிப்போர்ட்டைக் காட்டினாயா என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதவி உயர்வு கிடைத்துவிட்டது. உங்கள் பக்கத்து ஏழு கிளைகளும் இனி என் பொறுப்பு. புது அறை, தனி வண்டி. சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். கையுறைக் கணக்கு சராசரியாகப் போடுவது, ஆளுக்கு ஆள் எண்ணுவதில்லை. டிக்கெட் கவுண்டர் மாதிரி ஆஸ்பத்திரியை நடத்த முடியாது அக்கா. உன்னிடம் வருகிறவனுக்கு எந்த ஊர் போக வேண்டும் என்று தெரியும். எங்களிடம் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. அவனுக்குச் சேர்த்து நாங்கள் யோசிக்க வேண்டும், அதற்குத்தான் விலை.

அத்தானின் நெஞ்செரிச்சல் ஒன்றுமில்லை, வயிற்று அமிலம் மேலே வருகிறது. இத்துடன் வைத்திருக்கும் சீட்டில் எழுதியிருக்கிற மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஆறு வாரம் போடச் சொல். எந்த மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். இதைப் போட்டாலே சரியாகிவிடும் என்று பெரிய டாக்டர் அப்போதே சொன்னார்.

அன்புடன்,
தம்பி


மே 3

தம்பிக்கு,

மாத்திரை ஒன்பதாம் நாளே வேலை செய்துவிட்டது. உன் அத்தான் இப்போது இரவில் நன்றாகத் தூங்குகிறார். மாத்திரை அட்டை ஒன்றின் விலை, பக்கத்து ஊருக்கு ஒரு டிக்கெட்.

பெரிய டாக்டர் அப்போதே சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அப்போதே என்றால் எப்போது? ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னாலா, பின்னாலா?

இன்னொரு விஷயமும் கேள். தண்ணீர் கொடுத்த அந்த வரவேற்புப் பெண் அதற்கப்புறம் தினமும் மாலையில் என் கவுண்டரில்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள். போன வாரம் கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். சில்லறை கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தவள் நகரவே இல்லை. பின்னால் வரிசை கத்துகிறது. "அக்கா, நீங்க என்கிட்ட அவ்வளவும் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். பெட்டியிலிருந்து எங்களுக்காக நிரப்பிய மஞ்சள் படிவத்தை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

சொந்த வீட்டுக்கு மூன்று மதிப்பெண். மனைக்கு இரண்டு. இரண்டு பேர் சம்பளத்துக்கு நான்கு. பெரிய பதவியில் உறவினர் இருந்தால் நான்கு. அது 'அவசரத்தில் பணம் புரட்டும் திறன்' என்ற தலைப்பில் வருகிறது. பன்னிரண்டுக்கு மேல் வாங்கினால் முதல் தரம். முதல் தரத்துக்கு 'முழுச் சிகிச்சை பரிந்துரைக்கவும்' என்று போட்டிருக்கிறது. பத்துக்குக் கீழே வாங்கியவனுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். உன் அத்தான் பதின்மூன்று. உன்னைப் பற்றி நான் பெருமையடிக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்பது. இந்நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

படிவத்தின் அடியில், உருவாக்கியவர் என்று உன் பெயர் அச்சாகியிருக்கிறது.

உங்கள் தலைமை ஆபீஸுக்குப் புகார் எழுதிவிட்டேன். அது வேறு, இது வேறு. எனக்கு நீ தனியாகப் பதில் எழுது. அப்போதே என்றால் எப்போது?

அக்கா


ஜூன் 11

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்.

தங்கள் புகார் கிடைக்கப் பெற்றது. உரிய ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன. தங்கள் கணவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை எங்கள் மருத்துவ நெறிமுறைகளின்படியே மேற்கொள்ளப்பட்டது என்றும், அதற்கு மாறான மருத்துவக் கருத்து எதுவும் எங்கள் பதிவுகளில் இல்லை என்றும் தெரிவித்துக்கொள்கிறோம். இதில் திருப்தி இல்லையெனில் தக்க ஆதாரங்களுடன் மருத்துவ முறையீட்டு மன்றத்தை அணுகலாம்.

தங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி.

மண்டலப் பொறுப்பாளர்
கட்டணம் மற்றும் குறைதீர்ப்பு


ஜூன் 18

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் மனைவி, குழந்தை நலமாக இருக்கட்டும்.

உங்கள் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தபோது உன் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் பிரித்தேன். கீழே பதவி மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. ஆனால் கையெழுத்து உன்னுடையது. பதினோரு வருடமாக நீ அனுப்புகிற பண்டிகை வாழ்த்து அட்டைகளில் அதே கையெழுத்து எங்கள் வீட்டு அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கிறது. அக்காவை அம்மையீர் என்று கூப்பிட உனக்கு எப்படிக் கை வந்தது?

பிரேக் பிடிக்காது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் வண்டியை வெளியே விட்ட மெக்கானிக் ஒருவன் எங்கள் டிப்போவில் இருந்தான். அவனுடைய டீ கிளாஸை நாங்கள் தொடமாட்டோம். உன்னை நான் அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன். எனக்கு உன் பணம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உள்ளே வைத்ததை எடுக்க முடியாது, போன வேலை வராது.

அந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் காட்டவில்லை. தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும், "தம்பிகிட்ட இருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறாள். திட்டிக்கொண்டேதான் கேட்கிறாள், ஆனால் கேட்காமல் இருப்பதில்லை. நான் இல்லை என்கிறேன். இன்னும் ஒரு மாதம் அப்படிச் சொல்வேன். அதற்குள் உன் கையால் அவளுக்கு ஒரு கடிதம் வந்தால் சரி. வராவிட்டால் இதையே கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் அவளுக்குத் தம்பி கிடையாது.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உன் கேள்விக்குப் பதில். நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பிப்ரவரி ஆறாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "இதுக்கு ஸ்டென்ட் தேவையில்ல, மாத்திரை போதும், வண்டி ஓட்டட்டும்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். சொந்தக் கிளைக்கு எதிராகத் தாளில் எழுத மாட்டேன் என்று சிரித்தார். அவர் எழுதாவிட்டால் என்ன, நான் உனக்கு எழுதியிருக்கலாம். ஒரு போன் போதும். நேர்காணலுக்கு ஆறு நாள் இருந்தது. என் சொந்த அக்காவே எங்கள் சிகிச்சையை வேண்டாம் என்று எழுந்து போனால், அதுவும் என் படிவத்தில் முதல் தரம் வாங்கிவிட்டு எழுந்து போனால், நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள் என்று பயந்தேன். பன்னிரண்டாம் தேதி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு முடிவு வரட்டும் என்று நினைத்தேன். உன் போன் அடித்தபோதெல்லாம் நான் அதே அறையில்தான் இருந்தேன்.

படிவத்தை எழுதும்போது எனக்குக் கண்ணில் தெரிந்தது யாரோ பணக்காரன். சொந்த வீட்டுக்கு மூன்று என்று போட்டபோது உன் வீடு நினைவுக்கு வரவில்லை. ஜனங்களுக்கு எதுவும் தெரியாது என்று உனக்குப் பெரிய மனிதன் மாதிரி எழுதினேன். தெரிந்த ஒருத்தன் என்ன செய்தான் என்று பார்த்தாயா? என்னைப்போல ஒரு அற்பனை நானே இதுவரை பார்த்ததில்லை.

ஜூன் மாதம் உனக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதம் நான் கையெழுத்திட்டது. மாறான கருத்து எங்கள் பதிவுகளில் இல்லை என்று எழுதியது பொய் இல்லை. நான் பதிவு செய்யாததால்தான் அது இல்லை. அத்தான் அதை உன்னிடம் காட்டியிருக்க மாட்டார். கேட்டு வாங்கிப் பார்.

மன்றத்துக்கு ஆதாரம் வேண்டும். இந்தக் கடிதம்தான் ஆதாரம். கீழே முழுப் பெயரும் பதவியும் பணியாளர் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் இருக்கிறோம். குழந்தை எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்தது. அந்த இன்னொரு கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தேன். இரண்டையும் நகல் எடுத்து மன்றத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அனுப்ப வேண்டாம் என்று உன் அத்தான் ஒரு தடவை சொன்னார். "அவன் எழுதினதே போதும், விட்டுடு" என்றார். நான் விடவில்லை. அந்தப் படிவத்தோடு இன்றைக்கும் எவளாவது ஒருத்தி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் தன் வீட்டு ஆட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அடுத்த மாதம் விசாரணை. உன்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்பே உன் கம்பெனி உன்னை வெளியே தள்ளிவிடும். வேறு எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்கொள்ளாது. அது எனக்குத் தெரிந்துதான் அனுப்பினேன்.

வேலை போனதும் அங்கே வாடகை கொடுத்துக்கொண்டு திண்டாடாதே. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. முன் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். உனக்கு மூன்று வேளையும் சோறு போடுவேன். பேசமாட்டேன்.

அக்கா